முதலில் அறுவது

லிஃப்ட் கயிறு பார்ப்பது என் வேலை.
எலக்ட்ரானிக் சிட்டியில் இருபத்திரண்டு மாடி,
ஆறு எஃகுக் கயிறு,
சுமப்பதைப்போலப் பன்னிரண்டு மடங்கு தாங்கியாக வேண்டும்.
ஒரு புரி பிரிந்திருந்தாலும் சிவப்பு மையில் எழுதுவேன்.
நான் கையெழுத்துப் போட்ட பிறகு
ஜனங்கள் ஏறுகிறார்கள், போனைப் பார்த்தபடி.

சிவாஜிநகரில், மார்க்கெட்டுக்குப் பின்னால்,
ஷாயிஸ்தாவின் கடை.
முன்பக்கம் வலை, தக்கை, கிலோக்கணக்கில் தங்கூசி நரம்பு.
உள்ளே ஒரு பிஸ்கட் டின்னில்
ஈத் தூண்டிலுக்கான சாமான்.
"டிப்பெட் வேணும்" என்றேன்.
"என்ன தண்ணி?"
ஆனேக்கல் தாண்டி ஒரு கல்குவாரிக் குட்டை.
அடியில் கிடக்கும் பீர் பாட்டிலின் பெயரைப் படிக்கலாம்.
"என்ன மீன்?"
ஜிலேபிதான். ஒரு கட்லா இருப்பதாகக் கேள்வி.

தடித்த மஞ்சள் கயிறு,
அதன் நுனியில் மெலிந்துகொண்டே போகும் லீடர்,
அதற்கும் நுனியில் இரண்டடி, இது.
இறகும் நூலும் சுற்றிய பொய் ஈயை
மீன் நம்புவதும் நம்பாததும் இந்த இரண்டடியில்.
எண் கூடக்கூட இழை மெலியும்:
மூன்று எக்ஸ் குதிரைவால் முடி,
ஐந்து எக்ஸ்
வெளிச்சத்தில் திருப்பினால் மட்டும் உண்டு.

நைலான் மிதக்கும், கொஞ்சம் இளகிக்கொடுக்கும்,
வெயிலில் கிடந்தால் நொந்துபோகும்.
ஃபுளோரோகார்பன் அமிழும்,
தண்ணீருக்குள் தண்ணீராகவே நிற்கும்,
விலை மூன்று பங்கு, மக்குவதே இல்லை.
"எத்தனை கிலோ தாங்கும்?"
"எப்ப அறும்னு கேளுங்க மேடம்."
காதில் விழாததுபோல்
மூன்று எக்ஸ் ஃபுளோரோ வாங்கினேன்.
கட்லா ஐந்து கிலோ என்றால்,
உதறல் அதில் பாதி என்றால்...
ஆட்டோவிலும் கணக்கு.

சனிக்கிழமை ஆறே கால்.
குவாரிச் சுவரில் வெடி வைத்த துளைகள்
வரிசையாய், பாதி வெட்டிய குழாய்கள்போல்.
எச்சில் தொட்டு முடிச்சை இறுக்கினேன்,
காய்ந்து இறுக்கினால் இழை உள்ளே வெந்துவிடும்.
மேலே நிற்க வேண்டிய ஈயை
ஃபுளோரோ மெல்ல உள்ளே இழுத்தது.
கூடவே ஒரு வாய்.
ஜிலேபி இல்லை.

ரீல் கத்தியது.
மீன் நேராகப் போய்
முங்கிக்கிடந்த ஜல்லி மெஷினின் இரும்பில்
ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது.
இழுத்தேன். தாங்கியது.
இன்னும் இழுத்தேன்.
தாங்கியது.
கயிறு தாங்கியதற்காக நான் பயந்தது
அன்றுதான் முதல் தடவை.
பிறகு அறுந்தது,
நுனியில் இல்லை, மேலே, லீடர் தொடங்கும் கண்ணியில்,
நான் சோதிக்காமல் விட்ட பழைய முடிச்சில்.

ஒன்பதடி இழையோடு போனது மீன்
என்று எழுதலாம்.
போகவில்லை.
தெளிந்த தண்ணீர், எல்லாம் தெரியும்.
சுடிதாரோடு இறங்கினேன்.
இடுப்பு, மார்பு, கழுத்து.
அதற்குமேல் எனக்கு நீச்சல் தெரியாது.
ஒருமுறை வெள்ளையாய்த் திரும்பிக் காட்டியது,
பிறகு அசைவு என் அசைவா அதன் அசைவா
கலங்கல் மட்டும்.

முள்ளை நசுக்கிவைத்த தூண்டில்தான்,
உதறினால் கழன்றுவிடும்
என்று திரும்பும் பஸ்ஸில் மூன்று தடவை சொல்லிக்கொண்டேன்,
ஈரச் சீட்டில், யாரும் பக்கத்தில் உட்காரவில்லை.

திங்கள் மாலை கடைக்குப் போனேன்.
"ஐந்து எக்ஸ். நைலான்."
ஷாயிஸ்தா எதுவும் கேட்கவில்லை.
சில்லறை இல்லாமல் இரண்டு சூயிங்கம் தந்தாள்.

மறுநாள் இருபத்திரண்டு மாடி.
ஆறு கயிறும் சரி. கையெழுத்துப் போட்டேன்.
இறங்கும்போது விரல் பைக்குள் போய்
ஒரு முழம் உருவி வந்தது.
இரண்டு கையிலும் சுற்றி இழுத்தேன்.
ஒன்பதாவது மாடிக்கும் எட்டாவதுக்கும் நடுவில்
டிக் என்றது.
பக்கத்தில் நின்ற பையன்
போனிலிருந்து தலை தூக்கி
மேலே பார்த்தான்.